உன் படையலில் ஒரு கறுப்பு பியர்

மச்சான்,

இன்று காலை பக்கத்துக் காப்பிக் கடையில் சரக்கு இறக்க வந்த லோரிக்காரன் ஒரு பெட்டி பியரைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். வாசல் முழுக்க நுரை. கடை முதலாளி தௌக்கே அவனைத் திட்டிக்கொண்டே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஆனாலும் வாசனை என் கைக்கடிகாரக் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மதியம் வரை போகவில்லை. பியர் வாசனை வந்தால் எனக்கு உன் ஞாபகம் வந்துவிடும். இதைக் கேட்டால் நீ தொடையைத் தட்டிச் சிரிப்பாய். பிறந்தது முதல் கண்மூடும் வரை ஒரு சொட்டுகூட நாக்கில் படாத ஆள் நீ. தீபாவளிக்குக்கூடத் தொட்டதில்லை.

ஆனால் பீடோங்கிலிருந்து ஜித்ரா வரை உன்னைத் தெரிந்த அத்தனை பேரும் நீ குடித்து ஈரல் கெட்டுச் செத்தவன் என்றுதான் பதினான்கு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நம்ப வைத்தவன் நீயே. கூட நின்று வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நாம் முதலில் சந்தித்தது பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில். இருவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய் இருவருக்கும். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உன்னைத் தோட்டத்து லோரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அந்த வலியிலும் அடுத்த கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்து, "ஏன்டா, இங்க சாப்பாடு எப்படி?" என்று கேட்டாய். "உப்பே இருக்காது," என்றேன். "அப்ப நம்ம வீட்டுச் சமையல் மாதிரிதான்," என்றாய். அன்றைக்குப் பிடித்த சிநேகம். பிறகு மூட்டு வீங்கும்போதெல்லாம் சொல்லிவைத்ததுபோல இருவரும் அங்கேயே வந்து விழுவோம். வார்டில் நமக்கு ஊசி போடும் மிஸ்ஸி நம்மைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்வாள். அவளே பக்கத்துப் பக்கத்துக் கட்டில் போட்டும் கொடுப்பாள்.

நமக்கு ஏற்றும் மருந்து ஐஸ்பெட்டியில் உறைந்த பொட்டலமாக வரும். மிஸ்ஸி அதை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்குவாள். "மிஸ்ஸி, முட்டைய அவிக்கிற மாதிரி அவிச்சிராதீங்க," என்பாய். இளகியதும் வெளிறிய மஞ்சளாக ஒரு நீர். ஒரு தடவைக்குப் பத்துப் பொட்டலம் வரை ஏறும். பத்துப் பொட்டலம் என்றால் பத்துப் பேருடைய ரத்தத்திலிருந்து எடுத்தது. நீ கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு பொட்டலமாக எண்ணுவாய். "இதோ போறாரு ஒரு போலீஸ்காரரு. இது ஒரு சீன வாத்தியாரு. இது பள்ளிவாசல் ஹாஜி. மச்சான், மலேசியா முழுக்க என் ஒடம்புல ஓடுதுலா." வார்டே சிரிக்கும். எதிர்க்கட்டில் மலாய்க்காரக் கிழவர் என்ன விஷயம் என்று கேட்பார். நீ அதை அவருக்கு மலாயில் ஒருமுறை நடித்துக் காட்டுவாய்.

அந்தப் பொட்டலங்களில் ஏதோ ஒன்றில்தான் அந்தக் கிருமி வந்தது. கொடுத்தவர்கள்மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. சட்டைக் கையை மடித்துச் சும்மா கொடுத்த புண்ணியவான்கள். அவர்களுக்கே தங்கள் உடம்பில் அது இருப்பது தெரிந்திருக்காது. என் கோபம் வேறு இடத்தில். விஷயம் தெரிந்த பிறகு நம்மிடம் சொல்ல அவ்வளவு வருடம் எடுத்துக்கொண்டார்களே, சொன்னபோதும் நடைவழியில் நிற்க வைத்துச் சொன்னார்களே, அங்கேதான் எனக்கு எரிகிறது.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நமக்கு நாற்பதை நெருங்கும் வயது. உன் மகளுக்கு எட்டு. டாக்டர் நம் இருவரின் கோப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஈரலைக் கெடுக்கும் கிருமி இருவருக்கும் இருக்கிறது, ரத்தம் வழியாக வந்திருக்கலாம், அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடிக்கச் சோதனை இல்லை என்றார். மதுவைத் தொடாதீர்கள் என்றார். "நான் குடிக்கறதே இல்ல டாக்டர்," என்றாய். அவர் உன் முகத்தைப் பார்த்தார், பிறகு கோப்பிலிருந்த உன் தோட்டத்து முகவரியைப் பார்த்தார். நம்பவில்லை. நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். எப்படித் தொற்றியது என்று வரிசையாகக் கட்டங்கள். போதை ஊசியா, பச்சை குத்தியதா, இன்னும் என்னென்னவோ. ஆஸ்பத்திரியே ஏற்றிய ரத்தம் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. இருவரும் 'மற்றவை' என்பதில் கோடு போட்டுவிட்டு வந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஒரு மணி நேரம் பேசவில்லை. நீ பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"மச்சான், இத யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"ஏன்? நாம என்ன தப்பா பண்ணிட்டோம்?"

"தப்ப பத்தி யாருலா பேசுறா? ரத்தத்துல வந்த நோய்னு சொன்னா நேரா எய்ட்ஸ்னுதான் பேசுவானுங்க. எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டானுங்க. எம்பொண்ண நாளைக்கி யாரு கட்டுவான்?"

"ஈரல் வீங்கிட்டா என்ன சொல்லுவ?"

"குடிச்சேன்னு சொல்லுவேன்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "சிரிக்காத. குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்னு ஒருத்தனாச்சும் சொல்லுவானா? அப்படிச் சொன்னா கெடாவுல பாதி கல்யாணம் நின்னுரும். எனக்குச் சத்தியம் பண்ணு," என்றாய். உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கடிகாரம் பழுது பார்க்கக் கொடுப்பவன் என் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்க வேண்டுமே.

அதன் பிறகு நீ செய்த கூத்து இருக்கிறதே! தோட்டத்துக் கடைக்குப் பின்னால் கிடந்த காலி பாட்டில்களை ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்து உன் வீட்டுப் பின்வாசலில் வரிசையாக நிறுத்தினாய். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் பாட்டில் என்றால் லயத்து வீடுகள் முழுக்கச் செய்தி போகாதா? முழங்கால் கெட்டு நீ விந்தி நடப்பது பார்க்கிறவர்களுக்குத் தள்ளாட்டமாகத் தெரிந்தது. அதற்கு நீ தனியாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கிளாஸோடு வந்து, "கிராணியாரே, தனியாவே அடிச்சா எப்படி?" என்று உரிமையோடு உட்கார்ந்துவிட்டார். "நேத்தே முடிஞ்சிருச்சிண்ணே," என்று சமாளித்தாய். உன் மனைவி உள்ளே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். நாம் மூவரும் அதை ஒரு விளையாட்டுப் போலவே நடத்திக்கொண்டிருந்தோம். அந்தப் பின்வாசலில் உட்கார்ந்துதான் உன் மகள் பள்ளிப்பாடம் எழுதுவாள் என்பதை மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்தாய். கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, கை கால் குச்சியாகிப் போனாய். பார்க்க வந்தவர்கள் எல்லாம் உன் காதுபடவே சொன்னார்கள்: "அப்பவே விட்டிருக்கணும்." நீ தலையை ஆட்டி, "ஆமாண்ணே, விட்டிருக்கணும்," என்றாய். அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அந்தக் கண்ணடிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உன்னை ஓர் அறை விடலாம்போல இருக்கிறது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு உன் வீட்டில் இலை போட்டுப் படைத்தார்கள். உனக்குப் பிடித்தது எல்லாம் வைக்க வேண்டும் அல்லவா? ஆட்டுக்கறி வைத்தார்கள், நண்டு வைத்தார்கள். உன் மைத்துனர் ஒரு கறுப்பு பியர் பாட்டிலோடு வந்தார். "மாமாவுக்கு ரொம்பப் புடிக்கும்லா, இது இல்லாம எப்படி?" என்றார். அந்த மனிதர் உன்மேல் பாசத்தில்தான் வாங்கி வந்தார். உன் மனைவி அதை அவரிடமிருந்து தன் கையாலேயே வாங்கி, மூடியைத் திறந்து, உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று நடந்த இன்னொன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் என்னிடம், "தம்பி, ஒனக்கும் அதே ரத்த வியாதிதானே? ஒனக்கு ஈரல் ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். நான், "எனக்குக் குடிக்கற பழக்கம் இல்லண்ணே," என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் உன் பெயரில் மிச்சம் இருந்த சந்தேகத்தையும் அந்த ஒரு பேச்சில் தீர்த்துக் கட்டிவிட்டேன். உனக்குக் கொடுத்த சத்தியத்துக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை, மச்சான். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

நீ போய் சில வருடம் கழித்து அந்தக் கிருமிக்கு மாத்திரை வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். மூன்று மாதம் தினமும் விழுங்கினேன். காசு வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் கிருமியே இல்லை என்றார்கள். வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கேன்டீனில் தேநீர் வாங்கிவைத்துக்கொண்டு அழுதேன். உனக்குக் கிடைக்காமல் போனதே என்று அழுதேன். எனக்குக் கிடைத்ததே என்றும்தான். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நான் நன்றி சொல்லிவிடுவேன். அந்த டாக்டருக்கு ஒரு கைக்கடிகாரத்தைச் சும்மாவே பழுது பார்த்துக் கொடுத்தேன். ஆனால் மருந்து கொடுப்பது வேறு, என்ன நடந்தது என்று வாயைத் திறந்து சொல்வது வேறு. இரண்டாவதை அவர்கள் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்க வைத்தவள் உன் மகள். உன் ஆசைப்படியே அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. ஜித்ராவில் பள்ளி ஆசிரியை, மலாய்ப் பாடம் எடுக்கிறாள். இரண்டு பெண் பிள்ளைகள். உன் மனைவி கடைசிக் காலத்தில் அவளோடுதான் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், போவதற்குச் சில நாள் இருக்கும்போது எனக்கு போன் செய்தாள். "அண்ணே, அவளுக்குக் கல்யாணம் ஆயி புள்ளைங்களும் ஆயிருச்சி. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க சொல்லணும்னு நெனச்சா சொல்லிருங்க," என்றாள். சரி என்றேன். சொன்னேனா? இல்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

போன வருடம் உன் நினைவு நாளுக்குப் போயிருந்தேன். உன் மகள் இலை போட்டு எல்லாம் வைத்து, கடைசியில் கறுப்பு பியரைத் திறந்து கிளாஸில் ஊற்றினாள். ஒரு ஆசிரியை கடையில் போய்ப் பியர் வாங்க வேண்டியிருக்கிறதே என்று அவள் கணவர் கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. என்னிடம், "மாமா, அப்பா யாரோட சேந்து குடிச்சாரு? உங்களோடயா?" என்று கேட்டாள். அவளே தொடர்ந்தாள்: "கோவமா கேக்கல. எனக்கு வயசாச்சி, இப்ப கோவம் இல்ல. ஆனா என்னையவிட அவருக்கு இந்தப் பாட்டிலு பெருசா போச்சேன்னு மட்டும் இருக்கு."

அவளைக் கல்யாணம் கட்டிக் கொடுப்பதற்காக நீ போட்ட வேஷம், அவளைப் பொறுத்தவரை நீ அவளை வேண்டாம் என்று ஒதுக்கியதாகப் போய் முடிந்திருந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் செத்துப்போன கூட்டாளியைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். கையில் ஓர் எழுத்து வேண்டும், அதுவும் சர்க்காரின் எழுத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உன் ஆஸ்பத்திரிக் கோப்பை எனக்குத் தரமாட்டார்கள், நான் உனக்கு ரத்த உறவு இல்லை. ரத்தம் மட்டும் ஒரே பொட்டலத்திலிருந்து ஏற்றலாம் போலிருக்கிறது. சரி, என் கோப்பைக் கேட்போம் என்று போனேன். அதே ரத்தம், அதே வார்டு, அதே நோய். முதல் தடவை கௌண்டரில், பழைய கோப்புகளை எல்லாம் எப்போதோ அழித்துவிட்டோம் என்றார்கள். நான் பையிலிருந்து என் கிளினிக் அட்டைகளை எடுத்து அடுக்கினேன். முப்பது வருடத்துக் கடிகாரத் திருகாணியையே தூக்கிப் போடாதவன், அட்டையைத் தூக்கிப் போடுவேனா? எந்தத் தேதியில் எத்தனை பொட்டலம் ஏற்றினார்கள் என்று முத்திரையோடு இருந்தது. கௌண்டரில் இருந்த பையன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

உள்ளேயிருந்து வந்தவள் ஓர் இளம் அதிகாரி. மலாய்க்காரப் பெண், நல்ல பொறுமை. 'பாக்சிக்', பெரியவரே, என்று மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வேறு நாடுகளில் இதற்காகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், பாக்சிக்குக்கும் நஷ்டஈடுதான் வேண்டுமா என்று கேட்டாள். கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதலில் என்ன நடந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அதுதான் கஷ்டம் என்று சிரித்தாள். எனக்குத் தெரியும், அதனால்தான் அதைக் கேட்கிறேன் என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மனு கிடைத்தது, மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று மூன்று வரி. பிறகு இன்னொன்று. பல காரணங்களால் தொற்று ஏற்பட்டிருக்கலாம், உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்றது. அசௌகரியமாம்! பஸ் கால் மணி நேரம் தாமதமாக வந்தால் அது அசௌகரியம். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே போய் அந்தப் பெண்ணின் மேசையில் வைத்தேன். என் கூட்டாளி ஒருவன் இந்த அசௌகரியத்தில் செத்துப்போனான், அவன் பெண்டாட்டி அவன் படத்துக்கு முன்னால் பியர் வைத்தாள் என்று உன் கதையைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் என் அட்டைகளை எல்லாம் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டாள். எழுதுகிறவர்கள் மேலே இருக்கிறார்கள், நான் விடாமல் கேட்கிறேன், பாக்சிக்கும் விடாதீர்கள் என்றாள். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. விந்திய காலோடு ஒன்பது தடவை அந்தப் படி ஏறினேன்.

போன வாரம் வந்தது மூன்றாவது கடிதம். அதைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன் நினைவு நாளுக்கு ஜித்ராவுக்குப் போனேன்.

வழக்கம்போல இலை போட்டிருந்தாள். கறி, நண்டு, முட்டை, பலகாரம். பாட்டிலைக் கையில் எடுத்துத் திறக்கப் போனவளிடம், "கொஞ்சம் இரும்மா. மொதல்ல இதப் படி," என்று கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"மாமா, இதுல உங்க பேரு போட்டிருக்கு."

"ஆமா. அந்த நோய் எனக்கும் இருந்துச்சி. யாருக்கும் சொல்லல. நீ படி."

அவள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல மலாயில் உரக்க வாசித்தாள். பிறகு அவள் கணவருக்காகத் தமிழில் சொன்னாள். இந்தத் தொற்று மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தப் பொருள்கள் வழியாக வந்திருக்கவே அதிக வாய்ப்பு உள்ளது. நோயாளியின் பழக்கவழக்கம் எதுவும் இதற்குக் காரணம் அல்ல. அக்காலத்தில் அதே வார்டில் சிகிச்சை பெற்ற மற்ற நோயாளிகளுக்கும் இது நேர்ந்திருக்கலாம். அவர்களும் குடும்பத்தாரும் பட்ட துன்பத்துக்காக வருந்துகிறோம்.

'மற்ற நோயாளிகள்' என்ற இடத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பாவா?"

"ஆமாம்மா, அடுத்த கட்டிலு அவன்தான். நான் மாத்திர வர்ற வரைக்கும் தாக்குப் புடிச்சிட்டேன். அவனால முடியல."

"அப்ப குடிச்சது?"

"ஒரு சொட்டு குடிச்சதில்ல. அந்தப் பாட்டிலு எல்லாம் கடைக்குப் பின்னால பொறுக்குனது. நோயின்னு தெரிஞ்சா ஒன்ன யாரும் கட்ட மாட்டாங்கன்னு பயந்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். உன் கோபம் அப்படியே அவளிடம் இருக்கிறது. "எனக்காகன்னு நீங்க மூணு பேரும் முடிவு பண்ணீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் அவருகிட்ட சரியா பேசியே ரெண்டு வருஷம் இருக்கும் மாமா, அவரு சாவறப்ப. காலேஜ்லருந்து வீட்டுக்கு வந்தா மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போவேன். அவரு ஒண்ணும் சொல்லாம சிரிப்பாரு. அப்பக்கூட சொல்லலியே!" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். பந்தியில் நான் சொன்ன அந்தப் பேச்சையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இலையிலிருந்து பாட்டிலையும் கிளாஸையும் எடுத்தாள். காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் திரும்பினாள்.

"அப்ப அவருக்கு என்னதான் மாமா புடிக்கும்?"

பதினான்கு வருடமாக உனக்குப் படைத்தவள் கேட்கிறாள், மச்சான். "பண்டுங்," என்றேன். "அந்த ரோஸ் கலர் தண்ணியா?" என்றாள். ஆமாம், கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று மூன்று கிளாஸ் வாங்கிக் குடிப்பான், பார்த்தவர்கள் சிரித்தால் இன்னொரு கிளாஸ் வாங்குவான் என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அவள் கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பை நிறைய ஐஸோடு வாங்கி வந்தார். கிளாஸில் ஊற்றி உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். உன் பேத்திகள் இரண்டும் படையல் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தன. முடிந்ததும் பாதிக்குப் பாதி பங்குபோட்டுக் குடித்துவிட்டன.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கேட்டாள்: "மாமா, இந்தக் கடுதாசி உங்க பேருல இருக்கு. அப்பா பேருல வேணும்னா யாரு கேக்கணும்?" மகள் கேட்கலாம், மகள் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது என்றேன். "போராங் இருக்கா?" என்றாள். படிவம் இருந்தது. ஒன்றுக்கு நான்காகப் பையில் வைத்திருந்தேன்.

உன் பெயரை எழுதினாள். அடையாள அட்டை எண்ணை எழுதினாள். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. குடும்பப் பதிவுக்காக என்று எழுதும்மா, ஆபீஸில் கேள்வி கேட்க மாட்டார்கள், எனக்கு அனுபவம் இருக்கிறது என்றேன். அவள் கேட்கவில்லை. கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிய பெரிய எழுத்தில், கட்டத்தைத் தாண்டி ஓரம் வரைக்கும் மலாயில் ஒரே வரி எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். தமிழில் சொன்னாள்.

"எங்க அப்பா குடிக்கல. அத நீங்க எழுதிக் குடுங்க."

அந்தப் படிவம் இப்போது என் பையில் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகிறேன். பத்தாவது தடவை அந்தப் படி ஏற வேண்டும். உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், வந்து நேரில் பேசிக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் உன் பெயர் போட்டுப் பதில் எழுதும்வரை அங்கே வருவதாக எனக்கு உத்தேசம் இல்லை.